பத்து ஆராங்: ரயில் தின்ற ஊர்

நீராவி ரயிலில் பத்து ஆராங்குக்குப் போக முடியாது. நீராவி ரயிலும் இல்லை, அங்கே போகிற தண்டவாளமும் இல்லை. குவாங் நிலையத்தில் பெரிய பாதையிலிருந்து பிரிந்து உள்ளே போன கிளைப்பாதையை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். ஆனால் 1915 முதல் 1960 வரை, நாற்பத்தைந்து வருஷம், மலாயாவின் ரயில்கள் ஓடியதே அந்தக் கிளைப்பாதையில் வந்த கரியை நம்பித்தான்.

‘பத்து ஆராங்’ என்றால் மலாயில் நிலக்கரி. கோலாலம்பூருக்கு வடமேற்கே, ரவாங்கைத் தாண்டி உள்ளே இருக்கும் சிறிய ஊர். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் நம்மில் பலருக்கு எதுவும் ஞாபகம் வராது. ஈயம் என்றால் தைப்பிங், ஈப்போ, கம்பார் என்று அடுக்குவோம். ரப்பர் என்றால் சொல்லவே வேண்டாம், நம் குடும்பக் கதையே அதுதான். நிலக்கரி மட்டும் நம் பேச்சில் இல்லை. ஈய வயல்களுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் நடுவே ஓடிய ரயில் எதைத் தின்று ஓடியது என்று நாம் கேட்டதே இல்லை.

கம்போங் ராஜாவில் பிறந்து, தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்து, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்த எனக்கு இந்த ஊர்மேல் ஆர்வம் வந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, இயந்திரம். இன்னொன்று, ஒரு பெயர். பத்து ஆராங் சுரங்கத்தைத் தொடங்கிய ஜே.ஏ. ரஸ்ஸல்தான் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தையும் தொடங்கியவர். நாங்கள் குடித்து வளர்ந்த தேநீருக்கும் அந்தக் கரிக்குழிக்கும் ஒரே முதலாளி.

கரி வருவதற்கு முன்

மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஓடியது. இன்று கோலா செப்பெத்தாங் என்று சொல்கிறோமே, அதுதான் போர்ட் வெல்ட். எட்டு மைல் தூரம், சுமார் 13 கிலோமீட்டர். ஆளை ஏற்றுவதற்காகப் போட்ட பாதை இல்லை அது. லாருட் வட்டாரத்து ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு போகப் போட்டது. அதைப் போட்டவர்கள் சிலோன் பயனியர் கோர் என்ற படைப்பிரிவின் ஆட்கள். பெயரில் படை என்றிருந்தாலும் இலங்கையில் சாலையும் பாலமும் போட்டுக்கொண்டிருந்த உழைப்பாளிகள்தான். பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழர்கள். ரப்பர் மரத்தைத் தமிழன் சீவுவதற்கு முன்னாலேயே இந்த நாட்டில் அவன் தண்டவாளத்தைச் சுமந்துவிட்டான்.

அதற்குப் பிறகு பாதைகள் வேகமாக வளர்ந்தன. 1886 இல் கோலாலம்பூர் – கிள்ளான் பக்கம். 1890களில் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சன். 1909க்குள் பிறையிலிருந்து ஜோகூர் பாரு வரை மேற்குக்கரை முழுவதும் இணைந்துவிட்டது. தண்டவாளத்தைச் சரிபார்க்கும் கேங்குகளில் தமிழர்கள். ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலிகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள். ரயில்வே என்பது பெரிய அளவுக்கு நம் ஆட்களின் உலகமாக இருந்தது.

ஆனால் இஞ்சின் எதைத் தின்றது? விறகும், கப்பலில் வந்த வெளிநாட்டுக் கரியும். விறகில் சூடு குறைவு, காடு ஒருநாள் தீரும். வெளிநாட்டுக் கரி விலை அதிகம். அதுவும் முதல் உலகப்போர் வந்ததும் கப்பல் கிடைப்பதே பெரிய பாடு.

நீராவி இஞ்சினின் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடுப்பில் எரியும் கரியின் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியாகவும் நீராவியாகவும் காற்றில் கலந்துவிடும். அதாவது பத்து மண்வெட்டி கரி போட்டால் ஒன்பது வீண். இப்படிப்பட்ட இயந்திரத்தை வைத்து ஒரு நாட்டையே ஓட்ட வேண்டுமென்றால், மலிவான கரி பக்கத்திலேயே கிடைத்தாக வேண்டும்.

1908 இல் ரந்தாவ் பாஞ்சாங் காட்டுப்பகுதியில் கரி இருப்பது தெரியவந்தது. 1913 இல் மலாயன் கோலியரீஸ் என்ற கம்பெனி உருவானது. 1915 இல் கரி வெளியே வந்தது. குவாங்கிலிருந்து ரயில்பாதையும் உள்ளே போனது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரயில்வேதான் பெரிய வாடிக்கையாளர். பிறகு ஈயச் சுரங்கங்கள் வாங்கின. 1927 இல் பங்சாரில் மின்நிலையம் திறந்தபோது கோலாலம்பூரின் விளக்கும் அந்தக் கரியில்தான் எரிந்தது. ரயிலில் வந்த கரி, ரயிலை ஓட்டவும் நகரத்துக்கு வெளிச்சம் தரவும் போனது.

பதினொரு பேர் போனோம்

போன வருஷம் ஒரு பொதுவிடுமுறை நாளில் நாங்கள் பதினொரு பேர் அந்த ஊருக்குப் போனோம். எல்லாரும் கம்போங் ராஜா, கோலா தெர்லா, புளூவேலி பக்கத்து ஆட்கள். விடிவதற்கு முன் வேனில் சிம்பாங் பூலாய் சாலை வழியாக இறங்கி ஈப்போ. அங்கிருந்து மின்சார ரயிலில் தஞ்சோங் மாலிம். அங்கே கொமுட்டருக்கு மாறி குவாங். கடைசித் துண்டுக்கு வாடகை வேன். ஒரே நாளில் போய்த் திரும்புகிற பயணம்.

பத்து காஜாவைத் தாண்டிக் கம்பார் வரைக்கும் ஜன்னலில் குளம் குளமாக வரும். எல்லாம் ஈயம் தோண்டிய பள்ளங்கள். இப்போது மீன் வளர்க்கிறார்கள், வாத்து வளர்க்கிறார்கள். குழுவில் இருந்த ஒரு தம்பி, “அண்ணே, இவ்ளோ தண்ணி எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டான். தண்ணீர் வரவில்லை, மண் போனது என்று சொன்னேன். இந்த நாட்டு மேற்குக்கரை ரயில்பாதையை ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டுமானால் அவ்வளவுதான்: மண்ணுக்கு அடியில் இருந்ததைக் கடலுக்குக் கொண்டு போன வழி.

“இதே பயணத்த புகைவண்டியில போனா எப்படி இருக்கும்?” என்ற பேச்சும் வந்தது. நீராவி ரயிலில் ஏற ஆசைப்பட்டால் சபாவைத்தான் சொல்வார்கள். 2000 இல் தஞ்சோங் ஆருவிலிருந்து பாப்பார் வரை சுற்றுலாவுக்காகத் தொடங்கிய ரயில் அது. அதன் இஞ்சினும் விறகில் ஓடுவது. கரியில் ஓடிய தீபகற்ப மலேசியாவில் அப்படி ஒன்றுகூட இல்லை.

பத்து ஆராங்கில் இறங்கியதும் கண்ணில் படுவது செங்கல். கடைவீதிக் கட்டடங்கள் எல்லாம் சிவப்பாக, பூசாமல் நிற்கின்றன. மலாயன் கோலியரீஸ் கரியோடு நிற்கவில்லை. கரிக்கு மேலே இருந்த களிமண்ணைச் செங்கலாகச் சுட்டது, காட்டு மரத்தைப் பிளைவுட்டாக அறுத்தது. கரி, மண், மரம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சூளையின் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. திறந்தவெளியில் தோண்டிய குழிகள் இங்கேயும் குளமாகிவிட்டன. சுரங்கத்தின் வாய்கள் அடைபட்டுக் கிடக்கின்றன.

டீக்கடையில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, “எங்கேருந்துய்யா வர்றீங்க?” என்றார். கேமரன் மலை என்றோம். “தேயிலையா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவருடைய அப்பா சூளையில் வேலை செய்தவராம். “கரி முடிஞ்சிடுச்சுன்னு வெளிய பேசிக்கிறாங்க. முடியல தம்பி, கீழ இருக்கு. வாங்குறவன்தான் முடிஞ்சிட்டான்” என்றார். அந்த ஒரு வரி எனக்குப் போதுமாக இருந்தது. மிச்சத்தை வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன்.

கீழே என்ன நடந்தது

பத்து ஆராங் கரி உயர்ந்த ரகம் கிடையாது. சில பத்து மில்லியன் ஆண்டுகளே வயதான இளம் கரி. ஈரம் அதிகம், சூடு குறைவு. இந்த வகைக் கரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றுப் பட்டால் மெதுவாக ஆக்சிஜனை இழுத்துச் சூடாகும். சூடு வெளியேற வழியில்லாமல் குவிந்து கிடந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். சுரங்கத்துக்குள் ஒரு மூலையில் நொறுங்கிக் கிடக்கும் தூள் போதும்.

அடியில் கரி வெட்டும் பழைய முறையில் முழுவதையும் வெட்ட மாட்டார்கள். கூரையைத் தாங்க இடையிடையே கரியையே தூணாக விட்டுவிடுவார்கள். மேலே இருக்கும் மண்ணின் பாரம் அந்தத் தூணை அழுத்தும். தூண் நொறுங்கும். நொறுங்கினால் காற்று புகும். காற்று புகுந்தால் தீ. அதனால்தான் இப்படிப்பட்ட சுரங்கங்களில் வெட்டிய வெற்றிடத்தில் மணலைத் தண்ணீரோடு கலந்து ஊற்றி நிரப்புவார்கள். இது பாடப்புத்தகத்தில் அரைப்பக்கம்தான். ஆனால் தண்ணீர் சொட்டுகிற இருட்டில், எந்த நேரம் எந்தப் பக்கம் புகையும் என்று தெரியாமல் நிற்கிறவனுக்கு அது முழுநாள்.

அடியில் வெட்டியவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். தமிழர்கள் பெரும்பாலும் மேலே, திறந்தவெளிக் குழியிலும், பாதையிலும், சூளையிலும். ஜாவாக்காரர்களும் இருந்தார்கள். கம்பெனி நேரடியாகச் சம்பளம் கொடுத்தது எல்லாருக்கும் இல்லை. நடுவில் குத்தகையாளர்கள். எத்தனை டன் வெட்டினாலும் குத்தகையாளர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் ஆட்களுக்குக் கொடுப்பார். தோட்டத்துக் கங்காணி முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைக்கு இவ்வளவு என்று கங்காணி எடுத்துக்கொண்ட தலைக்காசைப் பற்றி நம் தாத்தா பாட்டிகள் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். ஆட்களை ஆட்களை வைத்தே அடக்குவது தோட்டத்துக்கு மட்டும் சொந்தமான முறை இல்லை.

1937 மார்ச்

பத்து ஆராங்கின் வரலாற்றில் மறக்கக் கூடாத நாட்கள் இவை. ஆனால் ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இயந்திரத்தைச் சொல்கிற அளவுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது மலாயாவில் எல்லாருடைய கூலியையும் வெட்டினார்கள். நம் ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1936 வாக்கில் ரப்பர் விலையும் ஈய விலையும் ஏறிவிட்டன. கூலி மட்டும் ஏறவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் பத்து ஆராங்கில் முதல் வேலைநிறுத்தம். 1937 மார்ச்சில் இரண்டாவது. கூலி உயர்வும் குத்தகை முறை ஒழிப்பும் கேட்டார்கள். இந்த முறை வேலையை நிறுத்தியதோடு நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஊரின் நிர்வாகத்தைத் தாங்களே நடத்தினார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை ஒரு சின்ன ‘சோவியத்’ என்றே சொல்வதுண்டு. அதன் பின்னால் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சி இருந்தது என்பதும் மறைக்க வேண்டிய விஷயமில்லை.

ஆட்சியாளர்கள் ஏன் இவ்வளவு பயந்தார்கள்? ஒரு பொறியாளன் கண்ணில் இதற்கு எளிமையான பதில் உண்டு. ரயில், ஈயம், மின்சாரம் மூன்றும் ஒரே குழியில் தொங்கிக்கொண்டிருந்தன. அதுவும் இந்தக் கரியை மாசக்கணக்கில் மலைபோல் குவித்து வைக்க முடியாது. குவித்தால் தானே பற்றிக்கொள்ளும். கரி தினமும் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை நின்றால் அந்தத் தோட்டம் நிற்கும். பத்து ஆராங்கில் வேலை நின்றால் நாடு நிற்கும். மண்வெட்டி பிடித்தவனுக்கு அது தெரிந்திருந்தது. 1937 மார்ச் 27 அன்று போலீஸ் படை உள்ளே புகுந்து சுரங்கத்தை மீட்டது. பலர் கைதானார்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு இருந்த பெரிய தண்டனை நாடுகடத்தல்.

இதே மாதங்களில் தமிழர்கள் பக்கம் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1936 டிசம்பரில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய நாட்கூலியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். அதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. அவர் துரைமார்களிடம் மென்மையாக நடந்துகொண்டார் என்ற குறை அப்போதே எழுந்தது. 1936 இலேயே மலாயா மத்திய இந்தியர் சங்கம் உருவாகியிருந்தது. 1938 இல் இந்தியா, கூலியாட்களை இங்கே அனுப்புவதை நிறுத்தியது. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் எழுந்து நின்றபோது துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது.

கிள்ளான் போராட்டம் நம் நினைவில் இருக்கிறது. ஆர்.எச். நாதன் பெயராவது தெரியும். பத்து ஆராங்கை மட்டும் நாம் ‘சீனர்களின் கதை’ என்று ஓரமாக வைத்துவிட்டோம். அவர்களோ அதைக் ‘கட்சியின் கதை’ என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊரில் சீனனும் தமிழனும் ஜாவாக்காரனும் ஒரே சங்கு ஊதக் கேட்டு வேலைக்குப் போனவர்கள். சூளை ஒருவனுக்கு, குழி இன்னொருவனுக்கு என்று பிரித்து வைத்தது கம்பெனி. வரலாற்றை எழுதும்போதும் நாம் ஏன் அதே பிரிவினையை வைத்துக்கொள்ள வேண்டும்?

அதே கை, வேறு மலை

இனி எங்கள் மலைக்கு வருவோம். வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளந்து எழுதியது 1885. தைப்பிங் ரயில் ஓடிய அதே வருஷம். ஆனால் அதற்குப் பிறகு நாற்பது வருஷம் யாரும் கவனிக்கவில்லை. 1925 இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் வேலை தொடங்கியது. 1929 இல் ரஸ்ஸல் நிலம் வாங்கி, இலங்கைத் தேயிலை அனுபவம் உள்ள ஏ.பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். உலகமே சரிந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரு நீராவி ரோலர், கோவேறு கழுதைகள், தொழிலாளர்கள், இவ்வளவை வைத்துக்கொண்டு காட்டை வெட்டினார்கள் என்று அந்தத் தோட்டத்தின் கதையில் சொல்வார்கள். அந்த வரிசையில் தொழிலாளர்கள் எப்போதும் கழுதைக்குப் பக்கத்தில்தான் வருவார்கள்.

ரஸ்ஸலைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதிலேயே மலாயாவுக்கு வந்தவர். சீன மொழி பேசப் பழகியவர். ஈயம், கரி, தேயிலை என்று அடுத்து எது வரும் என்பதை மற்றவர்களுக்கு முன்னால் பார்த்தவர். 1933 இல் இறந்துபோனார். பத்து ஆராங் வேலைநிறுத்தத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் கரிக்குழியிலும் தேயிலை மலையிலும் ஒரே அமைப்புதான் இருந்தது. காட்டுக்கு நடுவில் ஓர் ஊர். அந்த ஊரில் வேலை, வீடு, கடை, மருந்து எல்லாம் ஒரே கையில். வேலைக்கு ஆள் வேண்டும் என்பதால் வீடு கொடுப்பார்கள். வேலை இல்லையென்றால் வீடும் இல்லை. லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாத்தா பேரில் வீடு என்பார்கள், உண்மையில் அது பெரட்டில் நிற்கும் ஒருவர் பேரில் இருக்கும். அவர் ஓய்வுபெறும் நாளில்தான் அந்த வித்தியாசம் புரியும்.

வாங்குகிறவன் போனபோது

போர் வந்தது. சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1942இலும் 1943இலும் போட்டது. அதில் செத்தவர்களின் கணக்கு இன்றுவரை சரியாக இல்லை. போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவித்தார்கள். அடுத்த மாதமே ஆயுதக்குழு ஒன்று பத்து ஆராங்குக்குள் புகுந்து தாக்கியது. நாட்டின் அடுப்பு அங்கே இருக்கிறது என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும்.

ஆனால் அந்த ஊரை முடித்தது வேலைநிறுத்தமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. எண்ணெய்.

போருக்குப் பிறகு எண்ணெய் மலிந்தது. நீராவி இஞ்சின்களையே எண்ணெயில் எரியும்படி மாற்றத் தொடங்கினார்கள். 1957 இல் மெயின் லைனுக்கு டீசல் இஞ்சின்கள் வந்தன. டீசல் இஞ்சின் எரிபொருளின் சக்தியில் 30 சதவீதத்தை ஒட்டி வேலையாக மாற்றும். கரி போடும் ஆள் வேண்டாம், வழியில் தண்ணீர் பிடிக்க வேண்டாம், காலையில் மணிக்கணக்கில் அடுப்பு மூட்ட வேண்டாம். பொறியாளனாக என்னைக் கேட்டால் நானும் டீசலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். அது சரியான முடிவு. ஆனால் சரியான முடிவுக்கும் யாரோ விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ரயில் கரியை நிறுத்தியது, மின்நிலையங்கள் எண்ணெய்க்கு மாறின. 1960 இல் சுரங்கத்தை மூடினார்கள். கரி இருந்தது. ஆள் இருந்தார்கள். வாங்குகிறவன் இல்லை.

1960 என்ற வருஷத்துக்கு நமக்கு இன்னொரு ஞாபகம் உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலம். வேலையும் வீடும் ஒரே நாளில் போகும் ஆபத்தில் நம் ஆட்கள் நின்றார்கள். அந்த வருஷம்தான் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டி, தொழிலாளியே தோட்டத்தை வாங்குகிற திட்டம். அடுத்த வருஷமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். குறைகள் பல சொல்லலாம், ஆனாலும் அது பெரிய காரியம்.

பத்து ஆராங் தமிழனுக்கு அந்தக் கதவும் இல்லை. தோட்டத்தை ஆயிரம் பேர் சேர்ந்து வாங்கலாம். மரம் அங்கேயே நிற்கும், பால் வரும். யாரும் வாங்காத கரியைத் தரும் குழியை வாங்கி என்ன செய்வது? ஒரே வாடிக்கையாளனை நம்பி நின்ற ஊருக்கு, கூட்டுறவும் கைகொடுக்க முடியாது.

அதே நேரத்தில் எங்கள் மலையில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. தெலோம் ஆற்றைச் சுரங்கப்பாதையில் திருப்பி, பெர்த்தாம் ஆற்றோடு சேர்த்து, ரிங்லெட்டில் அணை கட்டி, தண்ணீரை மலைக்கு அடியில் ஜோர் வரை இறக்கினார்கள். 1963 இல் அந்தத் திட்டம் மின்சாரம் தந்தது. ஜோரில் இருக்கும் சுல்தான் யூசுப் மின்நிலையம் 100 மெகாவாட். கம்போங் ராஜாவிலேயே ஒரு சின்ன மின்நிலையம் உண்டு, ஒரு மெகாவாட்டுக்கும் குறைவு. சின்ன வயதில் அந்தப் பக்கம் போகும்போது கேட்கும் இரைச்சல்தான் என்னைப் பொறியியல் பக்கம் இழுத்தது. பத்து ஆராங் கரி கொடுத்துக்கொண்டிருந்த வெளிச்சத்தில் ஒரு பங்கை எங்கள் ஆறு எடுத்துக்கொண்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பலகையில் இல்லாதது

மலேசியா கரியை விட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்றும் நம் மின்சாரத்தில் பெரும்பங்கு கரியிலிருந்துதான் வருகிறது. காப்பாரிலும் மஞ்சோங்கிலும் கப்பலில் வந்து இறங்குகிறது. இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிற கரி. தரை ஆழமான துறைமுகம் இருந்தால் போதும், சொந்த நாட்டில் சுரங்க நகரம் தேவையில்லை. இனி அதையும் குறைக்கப் போவதாகத் திட்டம் போடுகிறார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் இப்படி ஓர் எரிபொருளை விடும்போது அதை நம்பி நிற்கும் ஆட்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு, இந்த நாட்டில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலின் பெயர் பத்து ஆராங்: ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் மலையிலும் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் வந்துகொண்டிருக்கிறது. தேயிலை பறிக்க இப்போது இயந்திரமும் வங்காளதேசத்து இளைஞர்களும் வந்துவிட்டார்கள். லயத்தில் வளர்ந்த நாங்கள் படித்து வெளியே வந்துவிட்டோம், நல்லதுதான். பெரியவர்கள் மட்டும் சொந்தமில்லாத வீட்டில், சொந்தமில்லாத மலையில் இருக்கிறார்கள். பத்து ஆராங்கில் கரி நின்ற பிறகும் மண்ணுக்கு அடியில் சுரங்கப்பாதைகள் இருக்கின்றன. அங்கே மேலே எதைக் கட்டினாலும் கீழே இருப்பதை யோசித்துத்தான் கட்ட வேண்டும். அது பொறியாளனின் பிரச்சினை மட்டும் இல்லை.

ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்கு நல்ல தகவல்கள் கிடைக்கின்றன. எந்த வருஷம் கரி கண்டார்கள், எந்தக் கம்பெனி தோண்டியது, எந்தக் கட்டடம் எதற்கு. போர்ட் வெல்ட் நிலையத்தின் பழைய பலகை இன்னும் கோலா செப்பெத்தாங்கில் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்திலும் ஊர்ப்பெயர் இருக்கும். ரயில் போய்விட்டது, அந்தத் தமிழ் எழுத்து மட்டும் நிற்கிறது. பத்து ஆராங்குக்கு அப்படி ஒரு பலகைகூட நம்மிடம் இல்லை. சூளையில் வேலை செய்தவரின் பிள்ளைக்கே இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. கரி போட்டவர், குழியில் நின்றவர், 1960 இல் பெட்டி கட்டியவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்கள். கைப்பேசியில் பதிவு பண்ணுங்கள், பேரை எழுதி வையுங்கள், எந்த லயம், எந்த வேலை, என்ன கூலி என்று கேளுங்கள். முதலாளியின் பெயர் நமக்கு ஏற்கெனவே தெரியும்.